பர்தோலியில் கேட்ட கேள்வி

பர்தோலி என்றால் நமக்கு வரிகொடா இயக்கம் ஞாபகம் வரும். 1928-ல் அந்தக் குஜராத்தி ஊர்க் குடியானவர்கள் சர்க்காருக்கு வரி கட்டமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வல்லபாய் படேல் 'சர்தார்' ஆனது அதற்குப் பிறகுதான். அதே பர்தோலியில் எட்டு வருஷம் கழித்து ஒரு கூடாரத்துக்குள் மூன்று மணி நேரம் ஒரு சம்பாஷணை நடந்தது. அதில் வரியும் இல்லை, சர்தாரும் இல்லை. கடல் கடந்து வந்த ஒரு கறுப்புப் பெண்மணி காந்தியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். காந்தி பதிலும் சொன்னார். அந்தப் பதிலை முதன்முதல் படித்தபோது எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. இன்றைக்கும் முழுத் திருப்தி இல்லை. மிச்சப் பதிலை இருபத்துச் சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு மாதாகோயிலின் நிலவறையில் காலேஜ் பிள்ளைகள் சேர்ந்து கண்டுபிடித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த அம்மாள் இந்தியாவுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்த்து அந்நாளில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரப் பாதிரிமார் வந்து பேசிப் பேசி நம் மாணவர்களுக்கு அலுத்துப் போயிருந்தது. ஆள்கிறவனும் அவன், உபதேசிக்கிறவனும் அவன் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? அமெரிக்காவில் கறுப்புக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் சிலரை அனுப்புங்கள் என்று இவர்கள் கேட்டார்கள். அப்படிப் புறப்பட்டதுதான் 'நீக்ரோ தூதுக்குழு'. அக்காலத்தில் அவர்களே தங்களை அந்தச் சொல்லால்தான் அழைத்துக்கொண்டார்கள். பிற்பாடு அதை உதறிவிட்டார்கள். ஆகவே நானும் இனிக் கறுப்பர் என்றே எழுதுகிறேன்.

குழுவில் நாலு பேர். வாஷிங்டனில் ஹோவர்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஹோவர்ட் தர்மன் தலைவர். (சர்வகலாசாலைக்கும் அவருக்கும் பெயர்ப் பொருத்தம் தற்செயல்.) அவர் மனைவி சூ பெய்லி தர்மன். எட்வர்ட் கரோல் என்ற பாதிரியார், அவர் மனைவி பினோலா கரோல். தர்மன் முதலில் தயங்கினார். வெள்ளையன் ஒரு கோயிலிலும் கறுப்பன் வேறு கோயிலிலும் தொழுகிற தேசத்துக் கிறிஸ்தவ மதத்துக்கு வக்காலத்து வாங்க நான் போகமாட்டேன் என்றார். யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டாம், மனத்தில் பட்டதைச் சொல்லலாம் என்று உறுதி கிடைத்த பிறகே கப்பல் ஏறினார்.

இவர்களுக்கு முன்பே ஒருத்தி வந்து போயிருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1928-ல் மைசூரில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் கூட்டம் நடந்தது. அதற்கு அமெரிக்க மாணவர் பிரதிநிதிகளில் ஒருவராக வந்தவர் ஜூலியட் டெரிகாட் என்ற கறுப்புப் பெண். பல தேசத்து இளைஞர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, சரிசமமாக வாதாடிவிட்டுத் திரும்பினார். பின்னர் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்தில், கறுப்பர்களுக்கென்று ஏற்பட்ட ஃபிஸ்க் சர்வகலாசாலையில் மாணவியருக்குத் தலைவியாக வேலை ஏற்றார். 1931 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் டால்ட்டன் என்ற ஊருக்கருகே அவர் வந்த மோட்டார் விபத்துக்குள்ளாயிற்று. ஊரில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அது கறுப்பர்களைச் சேர்க்காத ஆஸ்பத்திரி. டாக்டர்கள் காயத்துக்குக் கட்டுப் போட்டு, ஒரு கறுப்புப் பெண்மணியின் வீட்டில் கொண்டு போய்க் கிடத்தினார்கள். பிறகு வேறு ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கே மறுநாள் உயிர் போய்விட்டது. மைசூரில் உலகமெல்லாம் இருந்து வந்த பிள்ளைகளோடு படுத்து எழுந்தவளுக்குச் சொந்த தேசத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று கிடைக்கவில்லை. நாஷ்வில், ஃபிஸ்க் என்ற இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பவும் வரப் போகின்றன.

தர்மன் குழுவினர் 1935 அக்டோபரில் கொழும்பில் இறங்கினார்கள். கொழும்பிலேயே ஒரு சோதனை காத்திருந்தது. சட்டக் கல்லூரியில் தர்மன் பேசி முடித்ததும் ஓர் இளம் வக்கீல் அவரைக் காப்பி சாப்பிட அழைத்துப் போனார். உட்கார்ந்ததும், நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஒன்றுக்கு ஏசுவின் பெயரே வைத்திருந்தது. இன்றைக்கு உங்கள் ஜனங்களை மரத்தில் தொங்கவிடுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள்தாம். இவ்வளவுக்கும் பிறகு அந்த மதத்தைச் சுமந்துகொண்டு வருகிறீர்களே, உலகத்துக் கறுப்பு ஜனங்கள் அத்தனை பேருக்கும் நீங்கள் துரோகி என்றே நான் நினைக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். வக்கீல் சொன்ன கப்பல் சங்கதி கட்டுக்கதையல்ல. 1564-ல் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயன் ஆப்பிரிக்க அடிமைகளைப் பிடிக்கப் போன கப்பல் எலிஸபெத் ராணிக்குச் சொந்தம். அதன் பெயரில் ஏசு இருந்தார்.

தர்மன் கோபித்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவ மதம் வேறு, ஏசுவின் மதம் வேறு என்று விளக்கினார். ஏசு ரோம ராஜ்யத்துக்குக் கீழே அடங்கிக் கிடந்த ஓர் ஏழை யூதன். முதுகு சுவரில் முட்டி நிற்கிறவனுக்கு அவன் என்ன சொன்னான் என்பதுதான் எனக்கு முக்கியம் என்றார். இந்த வாதம் அவரை விடவில்லை. 1949-ல் இதையே ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். மார்ட்டின் லூதர் கிங்கை உருவாக்கிய புத்தகங்களில் அதுவும் ஒன்று என்பார்கள். கொழும்பு வக்கீலின் காப்பிக்கு அமெரிக்கா கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த வக்கீலைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றாமல் இல்லை. அமெரிக்கக் கிறிஸ்தவனின் கோயில் வாசலைக் காட்டிக் கேட்கும் நம்மவர் நம் கோயில் வாசலை எண்ணிப் பார்த்தோமா? அந்த வருஷம் திருவாங்கூரில் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. ராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலை 8-ந் தேதி. தூதுக்குழு நம் பக்கமெல்லாம் சுற்றிய 1935-ல் கேள்வி கேட்கும் யோக்கியதை நமக்கு எவ்வளவு இருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதை யோசித்த ஒருவர் பர்தோலியில் இருந்தார்.

1936 பிப்ரவரி 21-ந் தேதி. ரத்த அழுத்தத்தால் படுத்து, அப்போதுதான் தேறி வந்துகொண்டிருந்தார் காந்தி. விருந்தாளிகள் வந்ததும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து வரவேற்றார். உள்ளே உட்கார்ந்ததும் கேள்விகளை ஆரம்பித்தவர் காந்தியேதான். அடிமைத்தனம் எப்படிப் போயிற்று, ஓட்டுரிமை உண்டா, பள்ளிக்கூடம் தனியா, நிற துவேஷம் குறைகிறதா வளர்கிறதா, கறுப்பரும் வெள்ளையரும் கலியாணம் செய்துகொண்டால் சட்டம் ஒப்புமா என்று அடுக்கிக்கொண்டே போனார். தம் வாழ்நாளில் இப்படி யாரும் தம்மைக் குடைந்து விசாரித்ததில்லை என்று தர்மன் பிற்பாடு எழுதினார். தென் ஆப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தவரல்லவா! குறுக்கு விசாரணை அவர் மறந்த வித்தையல்ல.

பிறகு விருந்தாளிகளின் முறை வந்தது. உங்கள் இயக்கம் ஏன் ஆங்கிலேயனை இன்னும் வெளியேற்றவில்லை என்று தர்மன் கேட்டார். காந்தி ஆங்கிலேயன்மேல் பழி போடவில்லை. ஜனங்களிடம் தெம்பு இல்லை என்றார். வயிற்றுப் பசி ஒரு காரணம். சுய மரியாதை போய்விட்டது இன்னொரு காரணம்; அதைப் போக்கடித்தது அந்நியன் அல்ல, எங்களுக்குள் நாங்கள் வைத்திருக்கும் தீண்டாமை என்றார். கொழும்பில் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பர்தோலியில், கேட்காமலே, பதில் வந்துவிட்டது.

அப்போதுதான் சூ தர்மன் பேசினார். என் கண்ணெதிரே என் சகோதரனைக் கும்பல் பிடித்துத் தூக்கில் போடுகிறது. அந்த நேரத்தில் நான் எப்படி நடந்துகொள்வது?

இது ஏதோ தத்துவ விசாரத்துக்காகக் கேட்ட கேள்வியல்ல. கோர்ட்டு இல்லை, ஜட்ஜு இல்லை, கும்பலே தீர்ப்பளித்துக் கும்பலே கொல்லும். 'லிஞ்சிங்' என்று இதற்குப் பெயர். இதைத் தேசிய சட்டத்தால் தடுக்க அந்த வருஷங்களில்தான் மசோதா கொண்டுவந்து, தென் மாநில செனட்டர்கள் மணிக்கணக்காகப் பேசியே அதைச் சாகடித்தார்கள். அப்படிப்பட்ட சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022 மார்ச்சில். அச்சுப் பிழை அல்ல, 2022-தான்.

காந்தி சொன்னார்: நான் அந்த இடத்தில் இருந்தால் கொலைகாரர்களுக்குத் தீங்கு நினைக்கமாட்டேன், அவர்களோடு ஒத்துழைக்கவும் மாட்டேன். என் பிழைப்பு அவர்களை நம்பியிருக்கலாம். இருந்தாலும் அவர்கள் கையால் வருகிற சோற்றைத் தொடமாட்டேன். அந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கும் என் சொந்த ஜனங்களோடும் ஒத்துழைக்கமாட்டேன். உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் நம்பிக்கை போகக்கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் அகிம்சையை அனுஷ்டிப்பவர்களில் மிகச் சாதாரணமானவன், என் பதில் உங்களுக்குத் திருப்தி தராமல் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே எனக்கு அவரிடம் மரியாதை கூடுகிறது.

திருப்தி தரவில்லை என்பதுதான் உண்மை. அந்த அம்மாள் தனியாக நிற்கிற ஒருத்தியைப் பற்றிக் கேட்டார். காந்தி தனியாகச் சாகிற ஒருவனைப் பற்றிச் சொன்னார். சகோதரன் மரத்தடியில் நிற்கிறான். கும்பல் கயிற்றை வீசிக்கொண்டிருக்கிறது. அந்த நிமிஷத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது, கால்கள் எந்தப் பக்கம் நடப்பது? அதற்கு விடை அங்கே இல்லை.

பிரிகிற சமயத்தில் அகிம்சையின் கலப்பற்ற செய்தி கறுப்பர்கள் மூலமாகவே உலகத்துக்குக் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று காந்தி சொன்னதை எல்லோரும் தீர்க்கதரிசனம் என்று எடுத்துப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் 'அப்படி நடந்தால்' என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். காந்தி வார்த்தைகளை அளந்து செலவழிக்கிறவர். அந்த வார்த்தையை நாம் விழுங்கிவிடக் கூடாது.

குழு 1936 மார்ச்சோடு திரும்பிவிட்டது. சூ தர்மன் சும்மா இருக்கவில்லை. கறுப்பு மாணவிகள் இந்தியாவுக்கு வந்து படிக்க உபகாரச் சம்பளம் ஒன்று ஏற்படுத்தினார். அதற்கு ஜூலியட் டெரிகாட்டின் பெயரை வைத்தார்.

இனிக் கதை ஜேம்ஸ் லாஸன் என்ற பையனிடம் போகிறது. ஒஹையோ மாநிலத்தில் ஒரு பாதிரியார் மகன். சிறு பிராயத்தில் ஒரு நாள் காரில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் குழந்தை ஒன்று அவனை ஜாதிப் பெயர் சொல்லி ஏசவே, ஓங்கி ஓர் அறை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் வேலையாக இருந்த தாயார், அதனால் என்ன நன்மை வந்தது, ஜிம்மி, என்று மட்டும் கேட்டாள். அறை வாங்கியவனைவிட அறைந்தவனுக்குத்தான் வலி தங்கிற்று. கொரியா யுத்தத்தின்போது ராணுவத்தில் சேர மறுத்துப் பதின்மூன்று மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் 1953-ல் நாகபுரிக்குக் கப்பல் ஏறினார்.

நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரி என்று பழைய மிஷன் கல்லூரி ஒன்று உண்டு, 1883-ல் ஆரம்பித்தது. அங்கே மூன்று வருஷம் நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார் லாஸன். மீதிப் பொழுதில் காந்தியைப் படித்தார், காந்தியோடு பழகியவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். 1955 டிசம்பரில் ஒரு நாள் நாகபுரிப் பத்திரிகையில் செய்தி: அலபாமாவில் மாண்ட்கமரி என்ற ஊரில் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏற மறுத்து நடந்தே போகிறார்கள், தலைவர் மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியார். லாஸன் உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளிக் குதித்துவிட்டாராம். தேடி வந்த சரக்கு தாம் விட்டுவந்த வீட்டிலேயே விளைந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

1956-ல் ஊர் திரும்பினார். 1957-ல் கிங்கைச் சந்தித்தார். படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வருகிறேன் என்றார் லாஸன். இப்போதே வாருங்கள், உங்களைப் போல் வேறு ஆள் எங்களிடம் இல்லை என்றார் கிங். லாஸன் போய் இறங்கிய ஊர் நாஷ்வில். வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் மதக்கல்வி மாணவராகச் சேர்ந்துகொண்டு, கிளார்க் மெமோரியல் என்ற மெதடிஸ்ட் கோயிலின் நிலவறையில் கறுப்புக் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார்.

வகுப்பு என்றால் பிரசங்கம் கொஞ்சம்தான். மீதி ஒத்திகை. பாதிப் பேர் நாற்காலிகளில் உட்கார வேண்டும். பாதிப் பேர் வெள்ளைக்கார ரௌடிகளாக நடிக்க வேண்டும். வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள். நாற்காலியோடு கீழே தள்ளுவார்கள். உட்கார்ந்திருப்பவன் கை ஓங்கினால் தோற்றான். பிறகு வேஷம் மாறும். அடித்தவன் அடிபட வேண்டும். கீழே விழுந்தால் உடம்பைச் சுருட்டித் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடிக்கிறவன் கண்ணை எப்படி நேராகப் பார்ப்பது என்பதெல்லாம் பாடம். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்று: பக்கத்தில் ஒருவனைப் போட்டு மிதிக்கிறார்கள் என்றால் மற்றவர்கள் எழுந்து போய்த் தங்கள் உடம்பை நடுவில் கொடுக்க வேண்டும். திருப்பி அடிக்கக் கூடாது, ஓடவும் கூடாது. ஒருவன்மேல் விழும் அடியைப் பல பேராகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

பர்தோலிக் கேள்வி இங்கே வந்து நிற்கிறது பாருங்கள். கைகளையும் கால்களையும் பற்றிய பதில்.

அந்த வகுப்புக்கு ஃபிஸ்க் மாணவி ஒருத்தி வந்தாள். டயேன் நாஷ், சிகாகோவில் வளர்ந்தவள். டென்னஸிப் பொருட்காட்சியில் 'கறுப்புப் பெண்களுக்கு' என்று தனிக் கழிவறைப் பலகையைக் கண்டு கொதித்துப் போயிருந்தாள். அகிம்சை பலிக்கும் என்று அவளுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஊரில் இதைத் தவிர வேறு யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதனால் வந்தேன் என்று பின்னாளில் அவளே சொன்னாள். எனக்கு இந்த அவநம்பிக்கைக்காரிதான் பிடிக்கிறது. நம்பி வந்தவர்களைக் காட்டிலும் நம்பாமல் தங்கியவர்கள்தாம் வகுப்பின் பலத்தைக் காட்டுகிறவர்கள். அதே வகுப்பில் அலபாமாவின் குத்தகைக் குடியானவர் மகன் ஜான் லூயிஸும் இருந்தான். பாதிரிப் படிப்புப் படிக்கும் செலவுக்காகச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தவன். பிற்காலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்கப் பார்லிமெண்டில் அங்கத்தினராக இருந்து 2020-ல் காலமானார்.

நாஷ்வில் பெருங்கடைகளில் கறுப்பர்கள் துணி வாங்கலாம், சட்டி வாங்கலாம். கடைக்குள்ளேயே இருக்கும் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து ஒரு ரொட்டி வாங்கித் தின்ன முடியாது. 1960 பிப்ரவரி 13-ந் தேதி நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் நல்ல உடை உடுத்தி, பாடப் புத்தகங்களோடு போய் அந்த மேடைகளில் உட்கார்ந்தார்கள். வெள்ளையர் கையால் வரும் சோற்றைத் தொடாதே என்றார் காந்தி. இவர்கள் சோறு போடு என்று போய் உட்கார்ந்தார்கள்! ஆனால் கணக்கு ஒன்றேதான். ஊர்க் கறுப்பர்கள் அந்த ஈஸ்டர் பண்டிகைக்கு நகரத்துப் பெருங்கடைகளில் ஒரு துணி வாங்கவில்லை. ஒத்துழையாமை கல்லாப்பெட்டியில் தெரிந்தது.

பிப்ரவரி 27, சனிக்கிழமை, ஒத்திகை நிஜமாயிற்று. வெள்ளை இளைஞர்கள் கூட்டமாக வந்து இழுத்துப் போட்டு உதைத்தார்கள். ஃபிஸ்க்கில் படித்த வெள்ளை மாணவர் ஒருவரும் அடிபட்டார். போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களில் எண்பத்தோரு பேரைக் கைது செய்தது. ஒரு கூட்டம் எழுந்து போனதும் காலி இடங்களில் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்தது. கோர்ட்டில் அபராதம் கட்டச் சொன்னபோது பலர் சிறைக்கே போனார்கள்.

அந்த நாட்களில் ஒரு முரடன் லாஸன் முகத்தில் துப்பினான். உங்களிடம் கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார் லாஸன். அவன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எடுத்துக் கொடுத்துவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, உங்களுடைய மோட்டார் சைக்கிள் என்ன ரகம் என்று விசாரித்தார். இருவரும் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் கதை எழுதினால் இப்படி ஒரு கட்டத்தை வைக்கத் துணியமாட்டேன், நம்பமாட்டீர்கள்.

மார்ச்சில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலை லாஸனை வெளியேற்றிற்று. ஏப்ரல் 19-ந் தேதி விடிகாலை, மாணவர்களுக்காக வாதாடிய லூபி என்ற கறுப்பு வக்கீலின் வீட்டில் வெடிகுண்டு போட்டார்கள். எதிர்ச் சாரியில் இருந்த மருத்துவக் கல்லூரியின் கண்ணாடிகள் சிதறின. வக்கீலும் மனைவியும் தப்பினார்கள். அன்று பகல் ஆயிரக்கணக்கானவர்கள் வாய் பேசாமல் மேயர் ஆபீசுக்கு நடந்தார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட் வந்து நின்றார். டயேன் நாஷ் அவரைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: நிறத்தைப் பார்த்து மனிதனை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா? மேயர் அரசியல்வாதி, இருந்தும், ஆம், தவறு என்று ஒப்புக்கொண்டார். மே 10-ந் தேதி கடைகளின் சாப்பாட்டு மேடைகளில் கறுப்பர்களுக்கும் பரிமாறினார்கள்.

இதெல்லாம் பட்டப்பகலில், ஒரு பட்டணத்தில், பத்திரிகைக்காரர்கள் பார்க்க நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நடு ராத்திரியில் ஏதோ ஒரு கிராமத்து மரத்தடியில் தனியாக நிற்கும் சகோதரிக்கு நாஷ்வில் வகுப்பும் முழுப் பதில் சொல்லவில்லை. தனியாக நிற்க விடாதே, முன்கூட்டிப் பழகு என்ற மட்டும் சொல்லிற்று. 1961-ல், வெளியூர் பஸ்களில் நிறபேதத்தை எதிர்த்துக் கிளம்பிய பிரயாணிகள் அலபாமாவில் அடிபட்டு நின்றபோது, இதே நாஷ்வில் பிள்ளைகள் உயில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பஸ்களில் ஏறினார்கள்.

1959-ல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டாதார் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைத்தார். கிங்குக்கு ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு, ஆமாம், நான் அதுதான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டதாக ஆறு வருஷம் கழித்து ஒரு பிரசங்கத்தில் விவரித்தார். கொழும்பு வக்கீல் விட்ட இடத்தை அந்த வாத்தியார் நிரப்பிவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

லாஸனை வெளியேற்றிய சர்வகலாசாலை 2006-ல் அவரையே அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. 2024 ஜூனில், தொண்ணூற்றைந்தாவது வயதில் அவர் இறந்தார். நாஷ்வில் பொது நூலகத்தில் இந்தச் சரித்திரத்துக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் பழைய சாப்பாட்டு மேடை மாதிரி ஒன்று, சுற்றிலும் முக்காலிகள். திருப்பி அடிக்காதே, திட்டாதே, நிமிர்ந்து உட்கார், மேடையைப் பார்த்தே உட்கார் என்று அந்நாளில் மாணவர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்ட விதிகளை மேடையின்மேலேயே பொறித்திருக்கிறார்கள். கடைசி விதியில் காந்தியின் பெயர் இருக்கிறது. பார்க்க வரும் பிள்ளைகள் முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து, அதைப் படிக்க வேண்டும்.